நான் சொல்லாமல் விட்ட பேச்சு

இலங்கையில் போர் நிறுத்தம் இருந்து, கிழக்குக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கிழக்குக் கரையில் ஒரு மீனவர் கிராமத்தில் கூட்டம், சிங்களமும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். நாவுலயில் பிறந்து வளர்ந்த எனக்கு வயலும் குளமும்தான் தெரியும். கடலைக் காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி.

அந்த ஊரில் கடல் கரையை அரித்து, படகு ஏற்றி வைக்கவே இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. படகுத் துறையில் மணல் கொட்டிக் கரையை அகலமாக்கப் போவதாகக் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் சிங்களத்தில் விளக்கினார். மணல் ஒரு தடவைதான் வரும் என்றும் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அப்போது தாடி வைத்த மீனவர் ஒருவர் எழுந்தார். வலை வேலை முடிந்தால் பலகையில் ஏறி அலையில் சறுக்குகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். துறைக்கு நேரே வேண்டாம், தெற்கே முனைப் பக்கம் கொட்டுங்கள் என்று ஆரம்பித்து, நீரோட்டம் அது இது என்று நீளமாகப் பேசினார். பலகையில் விளையாடுகிறவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு எரிச்சல். "அவருக்கும் சந்தோஷமாம்" என்று சிங்களத்தில் முடித்துவிட்டேன்.

மாலையில் கால் நனைக்கத் துறையில் இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் இரண்டு காலையும் விட்டேன். ஓர் அலை தள்ளியது, அடுத்தது இழுத்தது. வாயெல்லாம் உப்புத் தண்ணீர். பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

"எதிர்த்து அடிக்காதீங்க சேர், பலகையப் புடிங்க!"

அதே தாடிக்காரர். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கரையேறிப் பார்த்தால் படகுகள் எங்கேயோ தூரத்தில் தெரிந்தன.

"பாத்தீங்களா சேர்? துறையில இறங்கினீங்க, வடக்கால முகத்துவாரத்தில ஏறிட்டீங்க. துறையில கொட்டுற மணலும் இப்படித்தான் போயிரும். முனையில கொட்டினா கடலே துறைக்குக் கொண்டு வந்து சேர்க்கும். இதத்தானே கூட்டத்தில சொன்னேன். எஞ்சினியர் என்ன சொன்னாரு?"

உயிரைக் காப்பாற்றியவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் அவருகிட்ட சொல்லவே இல்லைங்க" என்றேன்.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப வாங்க, இப்பப் போய்ச் சொல்லுவம்" என்றார்.

ஈர உடையோடு போய்ப் பொறியியலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பயந்தேன், நன்றாகவே திட்டினார். பிறகு வரைபடத்தை விரித்து, ஒரு சொல் விடாமல் சொல்லச் சொன்னார். மறுநாள் சறுக்குக்காரர்கள் பலகைகளோடு இறங்கி, நீரோட்டம் போகும் வழியைக் காட்டினார்கள். கொட்டும் இடம் மாறியது. அடுத்த கூட்டத்திலிருந்து அவர்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

மறு வருடம் குடும்பத்தோடு போனேன். துறையில் படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். என் மனைவிக்கு அது வெறும் கடற்கரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தவர் பேச்சில் எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் வேலையை எனக்கு யாரும் தரவில்லை என்பது, அன்றைக்குக் கடல் என்னை இழுத்துப் போயிருக்காவிட்டால், ஓய்வு பெறும் நாள் வரை எனக்குத் தெரிந்தே இருக்காது.