சின்னவளின் முழங்கால்

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதம். திருவாரூர் பக்கம் எங்கள் கிராமத்தில் குறுவை நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டியிருந்த நேரம். அந்த வருடம் நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: என் ஓரகத்தியின் முழங்கால். கொழுந்தனின் மனைவி அவள். வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள்.

நுரையீரலில் வந்த ஒரு கோளாறுக்காக இரண்டு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தேன். முகம் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. மூச்சு சீரானதும் தஞ்சாவூர் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்தார். அப்பாடா என்றிருந்தது. முகமும் வற்றியது. ஆனால் அதுவரை எட்டிப் பார்க்காத வலியெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் விரல் மடங்காது. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பேன். தோளும் தொடையும் கடப்பாறையால் அடித்த மாதிரி வலிக்கும். முழங்கால் இருக்கிறதே, அது என் பேச்சையே கேட்காது.

குறைக்கும்போது இப்படி வலி வரலாம், வந்தால் சொல்லுங்கள், நீங்களாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சொன்னால் மறுபடியும் மாத்திரையைக் கூட்டிவிடுவாரோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை.

சின்னவளுக்கு என்னைவிட இரண்டே வயதுதான் குறைவு. சம்மணம் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள், கையை ஊன்றாமல் விருட்டென்று எழுந்து போவாள். வேண்டுமென்றே என் கண் முன்னால் எழுந்து காட்டுகிறாளோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாளாவது இவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று சாமி விளக்கின் முன் நின்று வேண்டிய பாவியும் நான்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது நடவெல்லாம் மிஷின்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயலின் வடகிழக்கு மூலையில் மூத்த மருமகள் ஒரு முடி, அதாவது ஒரு சின்னக் கட்டு நாற்றைக் கையால் நட்ட பிறகுதான் மிஷின் இறங்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான்தான் நட்டேன். முகம் உப்பியிருந்த வருடங்களில்கூட விட்டதில்லை. அந்த வருடம் மாமியார், பாவம் இவளால் குனிய முடியவில்லை, சின்னவள் நடட்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உள்ளே பற்றி எரிந்தது.

நடவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இந்த வலிக்குக் காரணமே மாத்திரைதான், அடியோடு நிறுத்திவிட்டால் உடம்பு தெளிந்துவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை டப்பாவைத் தொடவில்லை. வலி கூடியது. சோறு இறங்கவில்லை, தலை சுற்றியது. எல்லாம் சரியாவதற்கு முன்னால் இப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நடவன்று காலை வரப்பில் எல்லோரும் நின்றோம். மிஷின் ஓட்டுபவர் ஓரமாகக் காத்திருந்தார். சின்னவள் நாற்று முடியை என்னிடம் நீட்டி, "அக்கா, நீங்க தொட்டுக் குடுங்க. நான் நடுறேன்" என்றாள். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை. முடியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டேன். நான்கு குத்து நட்டிருப்பேன். நிமிரப் பார்த்தேன், முழங்கால் வரவில்லை. கண் இருட்டியது. குப்புற விழுந்தேன்.

கார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தபோது சின்னவள் முந்தானையால் என் மூக்கிலும் வாயிலும் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே வந்தது மங்கலாக நினைவிருக்கிறது. ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்ததாம். இவங்க நாலு நாளா ஸ்டீராய்டு மாத்திரை போடலை என்று அவள்தான் டாக்டரிடம் முதலில் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும், திடீரென்று நிறுத்தியதுதான் காரணம் என்று அந்த மருந்தையே ஊசியாகப் போட்டு என்னை மீட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள்.

தெளிந்ததும் அவளிடம், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டாம் நாளே டப்பாவுல மாத்திரை குறையாததைப் பாத்துட்டேன்க்கா. சொல்லியிருக்கணும். சொல்லல" என்றாள். அழுதுகொண்டே தொடர்ந்தாள்: "உங்களுக்குத் தலைவலின்னா வீடே எழுந்து நிக்குது. எனக்கு ஜுரம் வந்தா அன்னைக்கும் நான்தான் உலை வைக்கிறேன். எங்க வலிக்குதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. உங்க மேல எனக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூரி மூஞ்சியோடு கிடந்த என்னைப் பார்த்தா இவள் பொறாமைப்பட்டாள்? "நீ கையை ஊணாம எழுந்திரிக்கிறதைப் பாத்து நான் வெந்து செத்தேன்டி" என்றேன். அழுகைக்கு நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் வந்து அதட்டினார்.

தஞ்சாவூர் டாக்டரிடம் இந்த முறை எல்லா வலியையும் ஒப்பித்தேன். அவர் மருந்தைச் சற்றுக் கூட்டி, பிறகு முன்பைவிட மெதுவாகக் குறைத்தார். மாத்திரை முழுசாக நிற்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது நடவன்று முடியை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி நடுகிறோம். அவள் விருட்டென்று எழும்போது இன்றும் ஒரு நொடி எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது, அதை அவளிடமே சொல்லியும் விடுகிறேன். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும், என் விரல் மடங்குகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், உனக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று அவளிடம் நான்தான் முதலில் கேட்கிறேன்.