மிதவை கட்டிய நாள்

வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். மூடியை இறுக்கி, கழுத்தில் நைலோன் கயிறு போட்டது. இப்போது என் பத்து மீன்கூட்டுக்கும் ஒவ்வொன்று கட்டியிருக்கிறேன். தம்பி போய் இரண்டு வருசம். முதல் போத்தல் கட்டும்போது அவன் உயிரோடு இருந்தான்.

எழுவைதீவில் நாங்கள் கம்பிக் கூட்டைக் கடலடியில் இறக்கி மீன் பிடிக்கிறவர்கள். கூட்டுக்கு மிதவை கட்ட மாட்டோம். கட்டினால் பிறத்தியான் தூக்கிவிடுவான். கடலில் நின்று பார்க்கக் கரையில் மாதா கோயில் முகடும் தனிப்பனையும் ஒரே நேரில் வருகிற இடம் என்று குறி பார்த்து மனதில் வைத்துக்கொள்வோம். எங்கள் வள்ளத்தில் எஞ்சின் என் வேலை, குறி தம்பியின் வேலை. எனக்குக் குறி மனதில் நிற்காது. அவனுக்குப் பதினாறு வயது, ஒரு கூடு தவறினதில்லை.

அந்தத் தலைக்குள்தான் கட்டி வந்தது. வெட்ட ஏலாது, மறதி கூடிக்கொண்டே போகும், வருசம் தாண்டாது என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் அவனை வைத்துக்கொண்டே சொன்னார். திரும்பி வரும்போது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"குறி பிழைக்கிற அண்டைக்கு நானே வள்ளத்தாலை இறங்கிறன். அதுவரைக்கும் என்னைக் கரையிலை விடாதேங்கோ அண்ணை."

ஓம் என்றேன்.

பிறகு சாப்பிட்டதை மறந்து திரும்பவும் சோறு கேட்டான். ஒரு நாள் அம்மாவின் பெயர் வரவில்லை. அம்மா எண்டாக் காணும்தானே, பேர் என்னத்துக்கு என்று சிரித்தான். கடலில் மட்டும் குறி தவறவில்லை. எனக்குத்தான் பயம். கூடு தொலைந்தால் சீவியம் இல்லை. அவன் தலையிடியோடு படுத்திருந்த ஒரு நாள், தனியப் போய் அவன் சொல்லியிருந்த இடத்தில் ஒரு கூட்டைத் தேடிப் பிடித்துப் போத்தலைக் கட்டிவிட்டு வந்தேன். அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவன் கோயிலைப் பார்த்தான், பனையைப் பார்த்தான். நிப்பாட்டுங்கோ என்று கையை நீட்டினான். அவன் நீட்டிய இடத்திலேயே போத்தல் ஆடிக்கொண்டு நின்றது. பக்கத்தால் போன வள்ளக்காரர், "என்னடா, கள்ளனுக்கு விலாசம் எழுதி வைச்சிருக்கிறியள்?" என்றார். தம்பி கூட்டைத் தூக்கினான். நிறைய ஓரா மீன் கிடந்தது. போத்தலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூட்டைத் திரும்ப இறக்கினான்.

மறுநாள் விடியக் கூப்பிட்டேன். பாயை விட்டு எழும்பவில்லை.

"நீங்கள் போங்கோ. உங்களுக்கு இப்ப இடம் தெரியும்தானே."

பிறகு வள்ளத்தில் அவன் ஏறவே இல்லை.

கடைசி மாதம் ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். அண்டைக்குப் போத்தல் கட்டினது பிழைதானடா என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"என்ன போத்தல் அண்ணை?"

நீ பிழைவிடேல்லை, நான்தான் விட்டனான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரண்டியில் இருந்த கஞ்சியை ஊதிக் கொடுத்தேன். குடித்தான்.