சித்தி மீட்டு வந்த ஆள்

என் சித்தி பெரம்பலூரில் வக்கீல். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனவர்களின் வழக்கைத் தேடித் தேடி எடுப்பாள். "உருப்படியா நாலு சொத்து வழக்கு பாக்கக் கூடாதா?" என்று அம்மா புலம்பாத நாளில்லை.

நான் அஞ்சாவது படிக்கும்போது விடுதலையானவர், எறையூரில் கரும்பு வெட்டுகிறவர். அரியலூர்ப் பக்கம் ஒரு திருவிழாச் சண்டையில் கொலை விழுந்திருக்கிறது. குத்தியவனைத் தேடி வந்த போலீஸ், அதே பேர் என்பதற்காக இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஆயுள் தண்டனை. பேர்தான் ஒன்று, ஆள் வேறு என்று ஹைகோர்ட்டை நம்பவைக்கச் சித்திக்குப் பல வருஷம் பிடித்தது.

அவரை அழைத்துவரத் திருச்சி ஜெயிலுக்குப் போன சித்தியோடு நானும் காரில் தொற்றிக்கொண்டேன். முறுக்கு மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவர் வரப்போகிறார் என்று பின் சீட்டில் ஒடுங்கிக் கிடந்தேன். வந்தவரோ என்னைவிட ஒடுங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சித்தி கார் ஓட்டினால் லாரிகளே ஒதுங்கும். பாடாலூர் வருவதற்குள் அவர் முன் சீட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா போங்கம்மா. நான் வூடு போய்ச் சேரணும்."

சித்தி சிரித்த சிரிப்பில் என் பயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார்.

எறையூரில் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. ஆளுக்கொரு மாலை போட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று ஊரே எட்டி எட்டிப் பார்த்தது.

"இப்படியா எளைச்சுப் போவீங்க? தலையப் பாரு, எண்ணெ காணாத தலை! மாலையக் கழட்டிப் போட்டுட்டுக் கைகால் கழுவுங்க. கொழம்பு ஆறுது."

ஊர் சிரித்த சிரிப்பு வெடியை மிஞ்சிவிட்டது. சாப்பிடும்போதும் அந்த அம்மா ஓயவில்லை. போதும் என்றால் ஒரு திட்டு, தண்ணீர் குடித்தால் ஒரு திட்டு. அவர் வாயெல்லாம் பல்லாக, "போடு, போடு" என்று இலையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "சித்தி, அவரு வந்தது அந்த அம்மாவுக்குப் புடிக்கலையா?"

சித்தி காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திட்டுறதுக்கு ஆள் வந்துட்டாருடி" என்றாள்.

பாவம், இந்தத் திட்டு வாங்கவா சித்தி அவரை வெளியே கொண்டுவந்தாள் என்று, பெரம்பலூர் வந்து சேரும்வரை அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.