இடப்பக்கம் ஏழு

மேல் பர்மாவின் பொட்டலில் ஓடிய சுரங்கக் கம்பெனி ரயிலில் அப்பா ஏழாம் எண் நீராவி எஞ்சினை ஓட்டினார். அது எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுவதே என் ஞாயிற்றுக்கிழமை வேலை. இன்சீனில் பழைய இரும்புக் கிடங்கொன்றில் அந்த ரயிலின் எஞ்சின் நிற்பதாகக் கேள்விப்பட்டு, மனைவியோடு நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலேறிப் போனேன்.

முன்னால் எண் தகடு இல்லை. ஆனால் சக்கரங்களை இணைக்கும் தண்டிலும் எண்ணைப் பொறித்திருப்பார்கள். இடப்பக்கத் தண்டின் துருவைச் சுரண்டினேன். ஏழு. மனம் கேட்காமல் வலப்பக்கமும் சுரண்டினேன். மூன்று.

பழுது பார்க்கும்போது ஓர் எஞ்சினின் தண்டை இன்னொன்றில் மாட்டிவிடுவது பட்டறை வழக்கம். அப்படியானால் இது எது?

"ஒரு பக்கமாச்சும் மாமா ஓட்டினதுதானே? கும்பிட்டுட்டு வாங்க, மொஹிங்கா சாப்பிடலாம். பசிக்குது," என்றாள் மனைவி.

கிடங்குக்காரரிடம் பர்மியில் விசாரித்தேன். இதோடு வந்த இன்னோர் எஞ்சினை ஆற்றுக்கு அக்கரை த்வாண்டேக்காரர் ஒருவர் வாங்கிப் போனாராம். இந்த வாரம் பழைய இரும்புக்காக வெட்டிவிடுவாராம்.

"சரிதான், அடுத்த ஞாயிறும் போச்சு," என்றாள் அவள்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்காது. அக்கரைக்கு டாலா படகு இப்பவும் உண்டு," என்றபடி நடக்கத் தொடங்கினேன்.