வெயில் படாத பிள்ளை

மலேசியாவின் கிள்ளானில் நான் படித்த பள்ளியின் திடலை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது ஓர் ஊதா நிறக் குடைதான். புல்லும், கால்பந்து கோல் கம்பமும், வேலிக்கு அப்பால் கனவில் போவதுபோல் போகும் ரயிலும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்தக் குடைக்குக் கீழேயே நான் வளர்ந்தேன் என்று சொன்னால் அம்மா இன்றும் கோபித்துக்கொள்வாள். ஆனால் உண்மை அதுதான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். படி என்றால் ஒரே ஒரு படி. எங்கள் தெருப் பூனைகூட அதை மதித்ததில்லை. மாவுக்கட்டைப் பிரித்துச் சில மாதங்களில், கட்டிலிலிருந்து இறங்கும்போது, அதே கை மறுபடியும் உடைந்தது. எங்களோடு தங்கி லோரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, "இது கையா, அப்பளமா?" என்று கேட்டு அம்மாவிடம் முறைப்பு வாங்கிக்கொண்டார்.

கிளினிக்கில் டாக்டர் என் எக்ஸ்ரேயையும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பாப்பா வெளிய வெயில்ல விளையாடுவாளா?" என்று கேட்டார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ இல்ல டாக்டர். பொறந்ததிலேர்ந்து வெயிலே படாம வளர்க்கிறேன்."

வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிப் பேசும் குரல் அது. டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். மருந்து தருகிறேன், பாலும் முட்டையும் நெத்திலியும் கொடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது, உடம்பில் கொஞ்சம் வெயில் பட வேண்டும், பிள்ளை ஓடிக் குதிக்க வேண்டும், குதிக்கக் குதிக்கத்தான் எலும்பு கெட்டிப்படும் என்று மெல்லச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் வழக்கம்போல் குடையை விரித்தாள், பாதியில் நிறுத்தினாள், பிறகு முழுசாகவே விரித்துவிட்டாள்.

கை குணமானதும் பள்ளியில் மாலை வகுப்பில் சேர்த்தார்கள். எங்கள் உடற்பயிற்சி டீச்சர் நடத்திய வகுப்பு அது. வெயில் சற்றுத் தணிந்ததும் திடலில் தவளைபோல் குதிக்க வேண்டும், பெஞ்சிலிருந்து தாவ வேண்டும், ஸ்கிப்பிங் ஆட வேண்டும். முடிந்ததும் பள்ளிக் கேண்டீனில் சாப்பாடு. அம்மாமார்கள் முறைவைத்துச் சமைத்து வருவார்கள். கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், தலையோடு தின்னும் நெத்திலி. சாப்பாட்டு விஷயத்தில் அம்மா டாக்டர் சொன்னதற்கு மேலேயே போனாள். எங்கள் வீட்டு ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் நெத்திலி நீந்தியது.

வெயில் விஷயத்தில்தான் சிக்கல். முழுக்கைச் சட்டை, தொப்பி, முகத்தில் அப்பிய பவுடர், இத்தனைக்கும் மேலே குடை. நான் குதித்தால் அம்மாவும் பக்கவாட்டில் நகர்வாள். நான் ஓடினால் குடையும் ஓடும். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் திடலே நிழலாகத் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் மட்டும் ஏதோ பொன்நிறத் தண்ணீருக்குள் துள்ளுவதுபோல் இருந்தார்கள். நான் கரையில் நின்றேன்.

ஆனாலும் குடைக்கும் தப்பி வெயில் என்மேல் விழத்தான் செய்தது. சுங்கை பூலோவிலிருந்து வந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னடி, புள்ள இப்படிக் கறுத்துப் போயிட்டா?" என்றார். பெரியம்மா நல்ல சிவப்பு. அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா அறிவித்தாள்.

"நாளையோட கடைசி. இனிமே போக வேணாம்."

"டாக்டர் சொன்னது மறந்து போச்சா? மறுபடியும் உடைஞ்சா என்ன செய்வ?" என்றார் அப்பா.

"எலும்பு யாரு கண்ணுக்குத் தெரியுது? தோலுதானே தெரியுது."

நான் அழுதேன். எனக்கு எலும்பைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. மறுநாள் நீளக் கயிற்றில் எல்லாரும் சேர்ந்து குதிக்கும் நாள். கடைசி என்றால் அதிலாவது ஒருமுறை குடையில்லாமல் குதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மழை பெய்து விட்டிருந்தது. புல்லிலிருந்து ஆவி எழுந்து திடல் முழுக்க மிதந்தது. மேகம் விலகி வெயில் சரிந்து விழ, எல்லாமே மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. நீளக் கயிறு சித்தப்பா கொடுத்தது, லோரியில் சாமான் கட்டும் தடித்த கயிறு. நனைந்து இன்னும் கனத்திருந்தது. ஒரு முனையை டீச்சர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்த பிள்ளைகளால் அதைத் தூக்கவே முடியவில்லை. டீச்சர் சுற்றிலும் பார்த்தார். பெரியவர் என்று அம்மா மட்டும்தான் நின்றிருந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்கலா. ரெண்டு கையும் வேணும்."

அம்மா கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குடையைப் புல்மேல் வைத்தாள்.

கயிறு எழுந்தது. தரையில் அறைந்து, தண்ணீரைச் சிதறடித்து, மறுபடி எழுந்தது. நான் தொப்பியை வீசிவிட்டு உள்ளே ஓடினேன். பாதம் தரையில் பட்ட அதிர்வு முழங்கால் வழியாக ஏறி முதுகுக்குப் போனது, எனக்குள் யாரோ மேளம் தட்டுவதுபோல. குதித்தேன், இன்னும் குதித்தேன். காற்று குடையைத் தள்ளிக்கொண்டு போனது. ஊதாக் குடை உருண்டு உருண்டு வேலிப் பக்கம் போக, பிள்ளைகள் கூச்சலிட்டுத் துரத்தினார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் முகத்துப் பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்து, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைச் சுற்றினாள். அவள் அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூழ் குடித்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். குடை மடங்கியே இருந்தது. வழியில் அம்மா தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"நான் ரொம்பக் கறுப்பாடி?"

"ஆமாம்மா. நான் உங்க மாதிரியே வந்துட்டேன்" என்றேன், பரிசு வாங்கிய சந்தோஷத்தில்.

அம்மா நடுவழியில் நின்றுவிட்டாள். என்னை இழுத்து இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். மறுவாரமும் என்னை வகுப்புக்கு அனுப்பினாள், அதற்கடுத்த வாரமும். கயிற்றின் ஒரு முனை அவளுடையதாகவே ஆகிவிட்டது.

அம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, நிறம் போதாது என்று எழுந்து போனதும், ஒருமுறையல்ல பலமுறை அப்படிப் போனதும் நான் வளர்ந்த பிறகுதான் பெரியம்மா சொல்லித் தெரிந்தது. அம்மா குடை பிடித்தது வெயிலுக்கல்ல, என்றாவது ஒருநாள் என்னைப் பார்க்க வரப்போகிறவர்களுக்கு. அன்று அந்தச் சாலையோரத்தில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவள் பிடி தளர்வதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. எனக்கு அந்த ஒரு வருத்தம்தான் இருந்தது.