அடிப்பலகை போட்டவர்கள் நாங்கள்

ஆளிவிதை எண்ணெயில் "சபேதா" என்கிற வெள்ளைப் பொடியைப் போட்டுக் குழைத்தால் ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறினால், அறுபதை நெருங்கும் இந்த வயதிலும் என் உள்ளங்கை வேர்த்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு சுத்தியலும் இரண்டு உளியுமாகத் தொடங்கி, நொய்டாவில் நாற்பது பேர் வேலை பார்க்கிற பட்டறையைக் கட்டினேன். அது ஒருமுறை முழுதாக எரிந்துபோனது, மறுபடியும் கட்டினேன். இரண்டு தூதரகங்களுக்குப் புத்தக அலமாரி, ஒரு நீதிபதி வீட்டுக்குத் தேக்கு மாடிப்படி, தட்சிண்புரியில் எனக்கென்று மூன்று மாடி வீடு எல்லாம் இந்தக் கை செய்ததுதான். அந்த வீட்டுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர், மாடிப்படி இந்த இடத்தில் திரும்பாது என்றார்; திருப்பிக் காட்டினேன். இதில் எதற்கும் நான் பயந்தவன் இல்லை. என் பங்குக்கு இருந்த பயமெல்லாம் பத்து வயதிலேயே ஒரு படகுக்குள் தீர்ந்துபோயிற்று.

யமுனை ஊருக்குள் புகுந்த வருஷத்துக்கு அடுத்த குளிர்காலம் அது. ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்கிற சாக்கடை ஓடை ஓரத்தில், மதராசி கேம்ப் என்று எல்லோரும் சொல்கிற குடிசைகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா ஏழுமலை தச்சர். கட்டில், பெஞ்சு, கதவு எதுவானாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் செய்துவிட்டு வருவார். ஓக்லா பக்கம் ஆற்றோரத்தில் ஒரு படகுக் கிளப். அங்கே நாற்காலிகளைச் சரிசெய்யப் போனவரை, எல்லோரும் "கப்டன் சாப்" என்று கூப்பிடுகிற ரிட்டயர் ஆன கடற்படைக்காரர் ஒருவர் தம்முடைய பழைய படகிடம் கூட்டிப் போயிருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்துப் படகு. பக்கமெல்லாம் தேக்கு, இன்னும் இரும்பு மாதிரி இருந்தது; ஆனால் வெள்ளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் கிடந்ததில் அடிப்பலகை மக்கி, கட்டைவிரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதைப் பிரித்துவிட்டுப் பிளைவுட்டில் புது அடி போட வேண்டும். "மதராசி ஹோ? ஃபிர் தோ நாவ் ஜான்தே ஹோகே" என்றாராம், மதராசி என்றால் படகு தெரிந்துதானே இருக்கும் என்று. டெல்லிக்காரர்களுக்கு மதராசிகள் எல்லோரும் கடலிலிருந்து நேரே எழுந்து வந்தவர்கள். அப்பாவோ கள்ளக்குறிச்சிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். கடலைப் பார்த்ததே இல்லை, படகைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. ஆனாலும் "ஹாங் சாப்" என்று சொல்லிவிட்டு வந்தார். நன்றாக முடித்தால் கிளப்பிலேயே நிரந்தர "மிஸ்திரி" வேலை, குடியிருக்க ஒரு செங்கல் அறை என்று கப்டன் சாப் ஆசை காட்டியிருந்தார்.

அம்மா விடவில்லை. "கட்டில் செய்யற கையால படகு செய்யப் போறியா?" என்றாள்.

"எல்லாம் மரந்தானடி. கட்டில் ஆடுனா படுக்கறவன் திட்டுவான், படகு ஆடுனா ஏறுறவன் திட்டுவான்."

"ஏறுறவன் இருந்தாத்தானே திட்டுறதுக்கு" என்றாள் அம்மா. அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. வெள்ளத்தின்போது நாலாவில் ஓர் எருமை நாலு காலும் மேலே விறைத்தபடி மிதந்துவந்து, எங்கள் குடிசைக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் என்றால் எனக்கு அந்த எருமைதான்.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். படகைக் கவிழ்த்துப் போட்டு, மக்கிய பலகையைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் பிளைவுட்டை அறுத்து, தண்ணீர் புகாமல் விளிம்பெல்லாம் சபேதா தடவி மேலே பொருத்தினார் அப்பா. படகின் உள்ளே நம் விலா எலும்பு மாதிரி குறுக்கே கட்டைகள் ஓடும். திருகாணி அந்தக் கட்டையில் போய்க் கடித்தால்தான் பிளைவுட் நிற்கும். பழைய படகாதலால் கட்டைகள் கோணிக்கொண்டிருந்தன, மேலே கோடு போட்டால் கீழே தவறியது. ஆகவே சின்ன உடம்புக்காரனான நான் கவிழ்ந்த படகின் கீழே புகுந்து இருட்டில் மல்லாந்து கிடப்பேன். அப்பா மேலிருந்து "பர்மா"வால் துளை போடுவார். ஊசி மாதிரி அதன் முனை வெறும் வெளியில் எட்டிப் பார்த்தால் நான் "காத்து" என்று கத்த வேண்டும். அவர் அந்தத் துளையைக் குச்சி வைத்து அடைத்துவிட்டுத் தள்ளிப் போடுவார். முனை தெரியாவிட்டால் "கட்டை" என்பேன். பித்தளைத் திருகாணியை முடுக்குவார். "உன் கண்ணுதாண்டா குப்பு என் கண்ணு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட திருகாணிகளுக்கு நான் பார்த்துத்தான் சொன்னேன். இதை அடித்துச் சொல்வேன்.

மிச்சம் இருந்தது படகின் மூக்கு. உள்ளே குறுகிக்கொண்டே போகிற இடம். அங்கே நகர்ந்தவன், கடைசிக் கட்டைக்குப் பின்னால் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பாம்புச் சட்டை ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். சட்டையை உரித்துப்போட்ட ஆசாமி பக்கத்தில்தான் இருப்பான் என்று தோன்றியது. வெளியே வந்துவிட்டால் அப்பா திட்டுவார். அதனால் பின்னுக்கு நகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலே பர்மா சுற்றும் சத்தம் நிற்கிறபோதெல்லாம் "கட்டை" என்றேன். ஏழு முறை சொன்னேன்.

"பார்த்துதான் சொல்றியாடா?"

"பார்த்துதாம்ப்பா."

திருகாணித் தலைகளின் மேல் சபேதா பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்தாயிற்று. அது காய ஐந்து நாள். மூன்றாம் நாள் அப்பா சிரித்துக்கொண்டே வந்து, அடி போட்டவன்தான் முதலில் ஏற வேண்டும் என்பது கப்டன் சாப் வைத்திருக்கிற விதி என்று சொன்னார். சிரிப்பு உதட்டில் மட்டும்தான் இருந்தது. அதன்பிறகு இரண்டு நாளும் அவர் பின்னாலேயே சுற்றினேன். சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். அடித்த பெயிண்டையெல்லாம் சுரண்ட வேண்டிவரும், கப்டன் சாப் காரணம் கேட்பார், வேலை போகும் என்று மூடிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அப்பா நடு ஆற்றில். அவர் தலை வாருவதைப் பார்த்தால்கூட எனக்கு எருமைதான் தெரிந்தது.

அந்தக் காலையும் வந்தது. கப்டன் சாப் நடுவில் உட்கார்ந்து துடுப்புகளைப் பிடித்தார். துடுப்பு போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். அவருக்கு எதிரே பின்பலகையில் அப்பா, இரண்டு கையாலும் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தபடி. மூக்குப் பக்கம் யாரும் இல்லை. படகு கரையைவிட்டு நகர்ந்த கணம் நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படகின் மூக்குக்குள் குதித்துவிட்டேன். கப்டன் சாப் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துடுப்பை இழுத்தார்.

அங்கே உள்ளே கால் வைக்கிற தரைப்பலகையைத் தூக்கினேன். ஏழு பித்தளை முனைகளும் கட்டைக்குப் பக்கத்தில் வெறும் வெளியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அலை அடிக்கும்போதெல்லாம் பிளைவுட் கட்டையைவிட்டு ஒரு நூல் அளவு இறங்கியது, ஏறியது. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்தது. என் துண்டைத் திணித்துவிட்டு, எங்கே போகப் பயந்தேனோ அதே பொந்துக்குள் தலையை நுழைத்து, முதுகை மேல்தட்டுக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு முழங்காலாலும் அந்தப் பிளைவுட்டை அழுத்திக்கொண்டேன். மாசி மாதத்துத் தண்ணீர், எலும்பில் ஏறியது. தலையைத் திருப்பினால் கப்டன் சாப்பின் முதுகு, அதற்கு அப்பால் அப்பாவின் முகம். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி?" என்றார் தமிழில், குரலை உயர்த்தாமல்.

"ஏழு."

"எந்திரிக்காத. அழுத்திப் புடி."

பையன் என்ன சொல்கிறான் என்று கப்டன் சாப் கேட்டார். "பச்சா குஷ் ஹை, சாப்" என்றார் அப்பா.

சந்தோஷமாக இருந்த அந்தப் பையன் ஆற்றின் நடுவரை போய்த் திரும்புகிறவரை மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தான். கரையில் இறங்கியதும் கப்டன் சாப் அப்பாவின் தோளில் தட்டி "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருக்கிறது என்று சொல்லி அப்பா மறுநாளே படகைக் கவிழ்த்தார். அடிப்பார் என்று நின்றேன். அங்கே என்னத்தைப் பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவரே உள்ளே புகுந்து, அந்தச் சட்டையைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு வந்தார்.

"இப்ப போ. காத்துன்னா காத்துன்னு சொல்லு. அடிக்க மாட்டேன்."

ஏழையும் மாற்றினோம். வேலை கிடைத்தது; அந்தச் செங்கல் அறையில் பதினோரு வருஷம் இருந்தோம். படகில் அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஏறியதில்லை.

போன வருஷம் கேம்ப்பை இடித்துவிட்டார்கள் என்று கேட்டுப் பார்க்கப் போனேன்; எங்கள் குடிசை இருந்த இடம் எதுவென்று எனக்கே பிடிபடவில்லை. அப்படியே ஓக்லாவுக்குப் போனேன். ஆற்றில் வெள்ளை நுரைதான் ஓடுகிறது, படகு விடுவாரில்லை. அப்பாவும் இல்லை, கப்டன் சாப்பும் இல்லை. படகு மட்டும் கிளப் வாசலில் மெருகேற்றி நிற்கிறது, பக்கத்திலே பித்தளைத் தகடு: இதைப் புதுப்பித்தவர் கப்டன் சாப் என்று. அவர் நல்லவர், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படகில் அவர் ஒரு திருகாணிகூட முடுக்கியதில்லை. செகரட்டரியிடம் சொன்னேன். ரெக்கார்டு எதுவும் இல்லையே அங்கிள் என்றார் அந்தப் பிள்ளை.

இதோ எழுதிவிட்டேன், நான் செய்த தப்பையும் சேர்த்தே. இதுதான் ரெக்கார்டு. அடி போட்டவர் ஏழுமலை, உள்ளே படுத்துப் பார்த்துச் சொன்னவன் அவர் மகன் குப்புசாமி என்று அந்தத் தகட்டில் வெட்ட வேண்டும். கப்டன் சாப் பேருக்குக் கீழே நாலு விரல் இடம் சும்மா கிடக்கிறது. டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் வந்தேன்.