வாய்க்காரி வாயடைத்த மதியம்

என் அம்மாவை மெத்தைக் கடையில் வாய்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் அம்மாவுக்குக் கோபம் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் வரும்.

கடையின் பின்னறையில் பஞ்சைப் பிரித்து மெத்தைக்குள் திணிப்பது அம்மாவின் வேலை. அறைக்கு ஒரே ஜன்னல். அதையும் முதலாளி சாத்தியே வைத்திருப்பார். திறந்தால் பஞ்சு பறந்து வீணாகுமாம். "பஞ்சு வீணாகக் கூடாது, எங்க நெஞ்சு வீணாகலாமா?" என்று கத்திக்கொண்டே அம்மா போய்த் திறப்பாள். அவர் வந்து சாத்துவார். "இனிமே மூச்சு விடக் கூடாது, ஆமா!" என்று அதட்டுவார். வாயை மூடு என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அந்தப் பாழாய்ப்போன வார்த்தை அப்படியே பலித்துத் தொலைத்தது. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வயதான பிறகு அம்மாவால் மூச்சை இழுக்க முடிந்தது. விடத்தான் முடியவில்லை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"ரத்தம் போகும்போது உடம்பு முழுக்க ஆக்ஸிஜனைக் கொண்டுபோய்க் கொடுக்கும். திரும்பும்போது கரியமில வாயுவை எடுத்துட்டு வரும். அதை நுரையீரல் வெளிய தள்ளணும். உங்களுக்கு அது சரியா தள்ள மாட்டேங்குது."

"சரக்கு வந்து இறங்குது, குப்பை வண்டி மட்டும் வரல. அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்குறீங்க?" என்றாள் அம்மா.

வீட்டுக்கு ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அதன் கண்ணாடிக் குழாயில் ஒரு சின்ன குண்டு மிதக்கும். அது முதல் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. இந்த மாதிரி நுரையீரலுக்கு ஆக்ஸிஜன் அளவு மீறினால் கரியமில வாயு ரத்தத்தில் இன்னும் சேருமாம், மயக்கத்தில் கொண்டுபோய் விடுமாம்.

அப்போதுதான் அண்ணன் வந்தான். எட்டிப் பார்க்க நேரமில்லாதவனுக்கு அன்று திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் இவ்வளவு கம்மியா வெச்சிருக்கே? காத்துலகூடவா கஞ்சத்தனம்?"

"டாக்டர் சொன்ன அளவுண்ணா அது. கை வைக்காதே."

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினேன். தெருத் தூசி வருகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தான். குண்டு குழாயின் உச்சியில் நின்றது. அம்மாவின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, பரீட்சையில் தேறியவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"பாரு, தொண்ணூத்தொம்பது! யாரையும் திட்டாம எவ்வளவு நிம்மதியா தூங்குறாங்க!"

அம்மா திட்டவில்லை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னைக் கழுதை என்று மட்டுமே கூப்பிட்ட அம்மா! முகம் சிவந்திருந்தது, உள்ளங்கை சுட்டது. அந்தக் கிளிப்புக்குச் சரக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும். குப்பை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

குண்டை முதல் கோட்டுக்கு இறக்கினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது வரும்வரை, அம்மா திட்ட வேண்டிய அத்தனையையும் சேர்த்து அண்ணனை நானே திட்டித் தீர்த்தேன். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தை இறுக்கிப் பிடிக்கும் முகமூடியை மாட்டி, மெஷின் வைத்து அம்மாவை மூச்சு விட வைத்தார்கள். மறுநாள் நர்ஸ் தண்ணீர் கொடுப்பதற்காக அதைக் கழற்றினார். அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஜன்னலைச் சாத்துனது எவன்டா?"

"நான்தாம்மா" என்று அழுதுகொண்டே ஓடிப்போய்த் திறந்தான் அண்ணன்.

அதைச் சாத்தியது நர்ஸ். நான் மூச்சு விடவில்லை.